ஆறு பேர் இருக்கும் வீட்டில் சாமான் குறைப்பது எப்படி

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், நான், என் கணவர், ப்ளஸ் ஒன் படிக்கும் மகன், ஏழாவது படிக்கும் மகள். கும்பகோணத்தில் பாகம் பிரித்த பழைய வீடு. 11 அடி அகலம். ரேழி, கூடம், இரண்டு அறை, அடுப்படி, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மூட்டையை எங்கே வைத்தாலும் அது நடக்கிற வழியில்தான் இருக்கும்.

மூன்று வருஷம் முன்னால், ஐப்பசி மழைக்காலத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு மாமா கொல்லைப்புறம் போக எழுந்தார். கரண்ட் இல்லை. கூடத்தில் கட்டி வைத்திருந்த பேப்பர் கட்டு காலில் தட்டி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தப் பேப்பர் கட்டைக் கட்டி அங்கே வைத்தது நான். காலையில் பழைய பேப்பர்காரர் வருவார், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

தனியாக இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேண்டியது, வேண்டாதது என்று பிரித்துவிடலாம். ஆறு பேர் இருக்கும் வீட்டில் முதல் கேள்வி வேண்டுமா வேண்டாமா என்பதே இல்லை. இது யாருடையது என்பதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமாகி நாலாவது வருஷம், பரணில் கறுத்துப்போய்க் கிடந்த பித்தளைச் சாமான்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, குக்கர் ஒன்று வாங்கி வந்தேன். அதில் ஒரு கூஜா இருந்தது. மரை போட்டு மூடுகிற மூடியும் தூக்குப் பிடியும் உள்ள ரயில் கூஜா. அது அத்தையின் அப்பாவுடையது. தோளில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவருடைய இன்ஷியல் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்து மறுநாள் கடைக்கு ஓடினோம். எடைக்குப் போட்டதெல்லாம் முதல் நாள் சாயந்திரமே மூட்டை கட்டி உருக்கப் போய்விட்டது.

அத்தை என்னைத் திட்டவில்லை. "போனது போச்சு, விடும்மா" என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரியே பரணில் மிச்சமிருந்ததை என் கணவரை விட்டு இறக்கச் சொல்லித் தன் கட்டிலுக்கு அடியில் அடுக்கிக்கொண்டார். பிறகு காலி ஹார்லிக்ஸ் பாட்டில், கிழிந்த சேலை, உடைந்த குடை எல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தன. வீட்டில் யாரும் தொட முடியாத ஓர் இடம் உருவாகிவிட்டது. கேட்காமல் எடுத்து எறிந்தால் வீட்டில் சாமான் குறையாது, ஒளிந்துகொள்ளும். ஒரு பொருளைப் பறிகொடுத்தவர் அடுத்த பத்துப் பொருளை விடாமல் பிடித்துக்கொள்வார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால், தொடங்கும்போது எதையும் வெளியே அனுப்பாதீர்கள். வழியை மட்டும் சரிசெய்யுங்கள்.

கட்டிலில் இருந்து கழிவறை வரை, அடுப்படியில் இருந்து குழாய் வரை, வாசலில் இருந்து கூடம் வரை மூன்று வழிகளையும் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் எடுத்துக்கொண்டு போனால் எதிலும் இடிக்கக் கூடாது. ஓரம் சுருண்ட மிதியடி, தரையில் ஓடும் எக்ஸ்டென்ஷன் ஒயர், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பை எல்லாம் இந்த அளவில் மாட்டிக்கொள்ளும். இதில் யாருக்கும் சண்டை வராது. யாருடைய சாமானும் வீட்டை விட்டுப் போகவில்லை, சுவரோரமாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாமா விழுந்த பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று இருந்தால் அடுத்ததைப் பேசலாம்.

இரண்டாவது, உங்கள் சாமானில் இருந்து தொடங்குங்கள். எல்லோரும் பார்க்கிற மாதிரி. என்னுடையது ரவிக்கைத் துணி. நவராத்திரி, வளைகாப்பு, கல்யாணம் என்று தாம்பூலத்தோடு வருகிற துணிகள். எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தன. ஒன்றைக்கூட நான் தைத்துப் போட்டதில்லை. வருவதும் இன்னொரு வீட்டுத் தாம்பூலத்தில் போவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் துணி அது. கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். வைத்துக்கொடுக்கிற மாதிரி நன்றாக இருந்த 10 துணிகளை மடித்து வைத்துக்கொண்டேன். மற்றதை எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்து, இரட்டையாக மடித்துக் கடைக்குக் கொண்டுபோகும் பையாகத் தைக்கச் சொன்னேன். 12 பை வந்தது. அத்தை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் உன்னோடதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவருடைய அலமாரிப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

இதற்குப் பிறகுதான் அடுத்தவர் சாமானைப் பற்றிப் பேசும் உரிமை வருகிறது. அப்போதும் கேட்கிற விதம் முக்கியம். "இது வேணுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வயதானவர்கள் சொல்கிற பதில் எப்போதும் "இருக்கட்டும்". "இது எப்படி வந்துச்சு அத்தை?" என்று கேளுங்கள்.

பாத்திரங்களை நான் அப்படித்தான் கேட்டேன். நாள் குறித்தது அவர்தான். ஒரு புதன்கிழமை, மாமா தூங்கப் போன மதியம். கட்டிலுக்கு அடியில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்தோம். ஒரு எவர்சில்வர் தூக்கு, அடியில் கல்யாணத் தேதி வெட்டியது. ஒரே அளவில் ஆறு டம்ளர்கள், ஆறிலும் வேறு வேறு பெயர். ஒவ்வொன்றும் யாரோ மொய்க்குப் பதிலாக வைத்தது. அத்தை விரலால் எழுத்தைத் தடவித்தான் படித்தார், கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. "இது மன்னார்குடி சித்தி. இது யாருன்னே தெரியல. இது உங்க மாமாவோட ஆபீஸ்காரர், பணம் வாங்கித் திருப்பியே தரல." அந்த டம்ளரை அவரே தள்ளி வைத்தார். பெயர் தெரியாததையும் தள்ளி வைத்தார். இரண்டு மணி நேரத்தில் 31 பாத்திரங்கள் வெளியே வந்தன. 14 போகலாம் என்றார். நான் ஒன்றைக்கூடக் காட்டி இதைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றின் கதையையும் சொல்லி முடித்தபின் எது வெறும் தகடு, எது அப்படியில்லை என்று அவருக்கே தெரிந்தது. அடியில் இருந்த பித்தளை உருளியை ஈயம் பூசி வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினோம். பித்தளையில் புளிப்புச் சமைப்பதானால் உள்ளே ஈயப்பூச்சு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறும். இப்போது ரசம் அதில்தான்.

பரணுக்குத் திரும்பிப் போன சாமானுக்கு ஒரு நோட்டு போட்டோம். நாற்பது பக்க நோட்டு, கூடத்து ஆணியில் கயிற்றில் தொங்குகிறது. எந்தச் சாக்கில், எந்த அண்டாவுக்குள் என்ன இருக்கிறது, யாருடையது, எந்தத் தேதியில் ஏறியது என்று எழுதியிருக்கும். எழுதுவது மகள், எழுத்து நன்றாக இருக்கும். இந்த நோட்டினால் கிடைத்த பெரிய லாபம், இரண்டாவதாக வாங்குவது நின்றது. எங்கள் வீட்டில் மூன்று முறுக்கு அச்சு இருந்தது இப்படித்தான். ஒன்று இருப்பது தெரியாமல் அடுத்த தீபாவளிக்கு ஒன்று, அதற்கடுத்த தீபாவளிக்கு ஒன்று.

பரணில் எங்களுக்குத் தீராத தலைவலியாக இருந்தது மகாமகச் சாமான். 2016 பிப்ரவரியில் மகாமகத்துக்கு உறவுக்காரர்கள் நிறையப் பேர் வந்து தங்கினார்கள். அதற்காக வாங்கியது 14 தலையணை, 9 கோரைப்பாய். "2028-ல மறுபடி வருமே, அப்ப என்ன பண்ணுவே?" என்பது அத்தையின் வாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்காக வைத்திருப்பதா என்று என் கணவர் கத்துவார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சாமானைக் கீழே இறக்கிப் பார்த்ததும் விஷயம் தானாகத் தீர்ந்தது. பாய் வெயிலில் போட்டுச் சுருட்டி வைத்தால் கெடாது, ஈரம் மட்டும் படக் கூடாது. தலையணைப் பஞ்சோ கட்டி தட்டி, ஒரு மூலையில் எலி கடித்துக் கிடந்தது. பாய் ஒன்பதும் ஏறியது, நல்ல தலையணை நாலு ஏறியது, மற்றது போனது. வாதத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசினால் முடியாது. சாமானைக் கீழே இறக்கி நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சின்னச் சின்னச் சாமானுக்கு வேறு முறை. கவர், ரப்பர் பேண்ட், சணல் கயிறு, இனிப்பு வந்த பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுக்க முடியாது, பேசினால் வீடு ரணகளமாகிவிடும். அதற்கு இடத்தைத்தான் அளந்து கொடுக்க வேண்டும். அத்தையின் கவர்களுக்கு ஒரு பழைய எண்ணெய் டின், 15 கிலோ டின், மேல் தகட்டை வெட்டி ஓரத்தை மடக்கியது. டின் அவருடையது. அதற்குள் அவர் என்ன வைத்தாலும் நான் பார்க்க மாட்டேன். டின் நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று வரும்போது பழையது ஒன்று போக வேண்டும். எதைப் போக்குவது என்பது அவர் இஷ்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகுதான் அவர் இன்னும் அதிகமாகச் சேர்த்தார், இனிமேல் கிடைக்காது என்று. ரவிக்கைத் துணிப் பைகளில் நாலை டின்னுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தேன். ஒரு மாதத்தில் கடைக்குப் போகும்போது அதை எடுக்க ஆரம்பித்தார். கவர் வருவது குறைந்தது, டின்னும் மெல்ல அடங்கியது.

இந்த டின் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். மகனுக்கு ஒரு தட்டு, மகளுக்கு ஒரு அட்டைப்பெட்டி. பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: பள்ளி முடிந்ததும் பழைய நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாளைக் கிழித்துத் தைத்து ரஃப் நோட்டாக்குவது. மற்றதை அவர்களே செய்துகொள்கிறார்கள்.

மாமாவின் காகிதங்களுக்கு மட்டும் நான் மிகவும் பொறுமையாக இருக்க வேண்டியிருந்தது. கரண்ட் பில், ஏ.டி.எம். சீட்டு, மருத்துவ ரசீது, கல்யாணப் பத்திரிகை, இன்சூரன்ஸ் கடிதம், எல்லாம் ஒரே இரும்புப் பெட்டியில். அவருக்குப் பயம், முக்கியமானது ஏதாவது போய்விடுமோ என்று. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் முக்கியமானதைக் காப்பாற்றிக் காட்டினேன். வீட்டுக் கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிச் சான்றிதழ்கள், இன்சூரன்ஸ் பாலிசி. இவையெல்லாம் தனித்தனி உறையில், ஒரே கோப்பில், அவருடைய அலமாரியில், சாவி அவரிடம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் தொலைந்தால்கூட இப்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அசல் பத்திரம் தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் நகல்தான் கிடைக்கும், அசல் கிடைக்காது. அதனால் அசலைத் தொடும் வேலையை அவரும் நானும் சேர்ந்துதான் செய்தோம்.

அதற்குப் பிறகு ரசீதுகள். ஏ.டி.எம். சீட்டும் கடை பில்லும் சூட்டில் எழுத்து விழுகிற தாளில் வருபவை, மை கிடையாது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். பெட்டியைத் திறந்து காட்டினேன்: பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். மாமா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான் இத்தனை நாள் பூட்டி வச்சிருந்தேனா" என்றார். அவர் குரல் இறங்கிப்போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. உடனே ஃபிரிட்ஜ், மிக்ஸி வாரண்டி பில்களை மட்டும் எடுத்து ஜெராக்ஸ் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இப்போது வீட்டில் எது வாங்கினாலும் பில்லை அவரிடம்தான் கொடுக்கிறோம், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுகிறார். சாமி படம் போட்ட பத்திரிகைகளைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. படத்தை மட்டும் வெட்டித் தனியே வைக்கிறோம். சாதாரணத் தாளாக இருந்தால் அத்தை வாளியில் ஊறப்போட்டுக் கொல்லைச் செடிக்கு அடியில் புதைத்துவிடுவார். அட்டை பழைய பேப்பரோடு போகும்.

மருந்து டப்பாவை மட்டும் யாரையும் கேட்காமல் மாதம் ஒருமுறை பாருங்கள். இது மட்டும்தான் என் விதிக்கு விலக்கு. காலாவதியான மாத்திரை, பழைய பாதரசத் தெர்மாமீட்டர், பேட்டரி, டியூப் லைட் ஆகியவற்றை மக்கும் குப்பையோடும் உலர்ந்த குப்பையோடும் கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகளே சொல்கின்றன. குப்பை வண்டியில் வருகிறவர் கையால் பிரிக்கிறார், அதை நினைத்துக்கொண்டால் போதும்.

கொல்லையும் மொட்டை மாடியும் மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் சாக்கடையில் முட்டையிடாது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பூந்தொட்டி, சாய்ந்து கிடக்கும் பெயின்ட் டப்பா இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் சரி, கவிழ்த்து வைக்கட்டும்.

இனி வீட்டை விட்டு அனுப்பும் முறை. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூடாது. அதை மீறி நான் எந்தச் சாமானும் கொடுப்பதில்லை. வாரத்தில் ஐந்து நாள் இருக்கும்போது அந்த இரண்டு நாளுக்காக மனஸ்தாபம் எதற்கு. ஞாயிற்றுக்கிழமை ரேழியில் சுவரோரமாக ஒரு சணல் சாக்கை வைப்பேன். போக வேண்டியதை அவரவர் அதில் போடலாம். அடுத்தவர் சாமானைப் போடக் கூடாது. புதன்கிழமை காலை வரை சாக்கு அங்கேயே நிற்கும். அதற்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, இது கண்டிப்பான விதி. முதல் மாதம் பாதிச் சாக்கு திரும்பிப் போனது. திரும்ப எடுக்க முடியும் என்று நம்பிக்கை வந்த பிறகு எடுப்பது நின்றுவிட்டது. புதன்கிழமை பேப்பரும் இரும்பும் காயலான் கடைக்குப் போகும். வீட்டிலேயே கொக்கித் தராசில் எடை பார்த்துவிட்டுக் கொடுங்கள். வருகிற காசு யார் சாமானோ அவருக்கு. அத்தையின் 14 பாத்திரங்களுக்கு வந்த பணத்தில் ஒரு பைசாவைக்கூட வீட்டுச் செலவில் சேர்க்கவில்லை.

போகிக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்து வைக்காதீர்கள். பொங்கலுக்கு முதல் நாள் வெள்ளையடிப்பு, கோலம், கடைவீதி என்று ஆயிரம் வேலை இருக்கும், அவசரத்தில்தான் கூஜா மாதிரி ஏதாவது போகும். மார்கழி தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். பழைய துணி, பிளாஸ்டிக், டயர் எதையும் கொளுத்தாதீர்கள். எங்கள் தெருவிலேயே மூச்சுத் திணறலோடு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலைப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் அப்படியே தெருவில் நிற்கும்.

என் கணவரின் பழைய ஸ்கூட்டர் உதிரிப் பாகங்கள் மட்டும் இன்னும் முடியவில்லை. கார்பரேட்டர், இரண்டு ஹெட்லைட், பெயர் தெரியாத பத்து இரும்பு. அந்த வண்டியே இப்போது இல்லை. அவருக்கு அவரே ஒரு மரப்பெட்டி செய்து மூடி போட்டுக்கொண்டார், பெட்டி மாடிப்படிக்கு அடியில், வழியில் இல்லாமல் இருக்கிறது. அதனால் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அத்தையின் கட்டிலுக்கு அடியிலும் இன்னும் மூன்று பெட்டிகள் உள்ளன. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, அவரே ஒரு பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. காலையில் பார்த்தால் ரேழிச் சாக்கின் மேல் உடைந்த குடையும் நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன.